உடல் எடையைக் குறைக்கும்போது பசியையும் நொறுக்குத்தீனி ஆசையையும் எப்படிச் சமாளிப்பது?

"வாயைக் கட்டினால் போதும்" என்று யாராவது பதில் போடுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் மிச்சம்.

நீங்கள் காலையில் இரண்டு இட்லி, மதியம் கொஞ்சம் ரசம் சாதம் என்று சுருக்கியிருப்பீர்கள். நாலு மணிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்திருக்கும். கையில் கிடைத்ததைத் தின்றுவிட்டு ராத்திரி மனசு கஷ்டப்பட்டிருப்பீர்கள். இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரைப்பையில் கிரெலின் என்று பசியைத் தூண்டும் ஒரு ஹார்மோன் சுரக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் கண்டுபிடித்தது. வழக்கமாகச் சாப்பிடும் வேளை நெருங்கினால் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். சாப்பாட்டைக் குறைத்து எடை இறங்கினாலோ அது முன்பைவிடக் கூடுதலாகச் சுரக்கிறது. உடம்பே சோறு கேட்கும்போது வாயை மட்டும் எப்படிக் கட்டுவது?

நான் திருச்சியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் 6.1 வந்தது. இது சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டம், எடையைக் குறையுங்கள் என்றார் டாக்டர். அத்தையோ, "ராத்திரி பட்டினி கிடம்மா, தன்னால இளைச்சிடும்" என்றார்.

கடைக்குப் பக்கத்திலேயே டீக்கடை. நாலு மணிக்கு முதலாளி எல்லோருக்கும் டீயும் வடையும் சொல்லிவிடுவார். பையன் கொண்டுவந்து வைக்கும் பேப்பரில் எண்ணெய் ஊறி, பின்பக்கத்து எழுத்து முன்னால் தெரியும். காலி வயிற்றோடு அந்த வாசனைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எந்த உபதேசமும் காதில் ஏறாது. அதனால் நான் கைவைத்தது மதியச் சாப்பாட்டில். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியலையும் கெட்டிப் பருப்பையும் வைத்தேன். கூடவே ஒரு அவித்த முட்டை, இல்லையென்றால் குழம்பு மீன். பிறகு ஒரு கிண்ணம் தயிர். உருளைக்கிழங்கு வறுவல் ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது.

அப்புறம் சுண்டல். ராத்திரியே கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, காலையில் உப்புப் போட்டு குக்கரில் வேகவைத்து, ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துச் சின்ன டிபன் பாக்ஸில் எடுத்துப்போவேன். வடை வருவதற்கு அரை மணி நேரம் முன்பே, மூன்றரைக்குச் சாப்பிட்டுவிட வேண்டும். வடை வந்த பிறகு டப்பாவைத் திறந்தால் பிரயோஜனமில்லை. வாரத்தில் ஒரு நாள் வடையும் தின்கிறேன், நிம்மதியாக.

சுண்டலிலும் மாவுச்சத்து இருக்கிறதே என்று ஒருவர் வருவார். இருக்கிறது. ஆனால் 100 கிராம் காய்ந்த கடலையில் புரதம் மட்டுமே சுமார் 20 கிராம். நார்ச்சத்தும் சேர்வதால் வயிறு நெடுநேரம் தாங்குகிறது. இதற்கெல்லாம் வசதி வேண்டும் என்பவர்களுக்கு: ஓட்ஸ், சியா விதை, டப்பா பவுடர் எதையும் நான் வாங்கவில்லை. ரேஷன் துவரம்பருப்புதான்.

பாக்கெட் தீனியை வீட்டுக்குள் விடாதீர்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 20 பேரைத் தங்கவைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஆலையில் பதப்படுத்திய உணவு இரண்டு வாரம், சாதாரண உணவு இரண்டு வாரம், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாகவே இருந்தன. ஆனாலும் ஆலை உணவு வாரங்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். தூக்கமும் முக்கியம். மார்ச் மாதம் கணக்கு முடிக்கிற ராத்திரிகளுக்கு மறுநாள் எனக்குப் பசி அடங்கவே அடங்காது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். எடை கொஞ்சம் இறங்கியதும் சுடிதார் எடுக்க ஒரு பெரிய துணிக்கடைக்குப் போனேன். விற்கிற பெண், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க சைஸ் எல்லாம் மேல் மாடி ஓரத்துல இருக்கும்க்கா" என்றது. போய்ப் பார்த்தால் கறுப்பு, கருநீலம், பழுப்பு. குண்டாக இருப்பவர்களுக்கு மஞ்சள் பிடிக்காது என்று யார் முடிவு செய்தது? அதே காசைத்தானே நாங்களும் கொடுக்கிறோம்!

சரி, ஒன்று முக்கியம். நான் டாக்டர் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால், டாக்டரிடம் கேட்காமல் சோற்றைக் குறைக்காதீர்கள். சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம். மற்றவர்கள் நாளை மதியமே ஆரம்பிக்கலாம்.