வியாபாரத்துக்கு வெப் மென்பொருள்: எதில் எழுதச் சொல்வது?

கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படும் ஆறு, பதில்களுடன்.

பண்ருட்டி அருகே முந்திரி உடைக்கும் யூனிட் வைத்திருக்கிறோம். கொள்முதல், கூலி, சரக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வெப் மென்பொருள் வேண்டும். ஒருவர் லாராவெல் என்கிறார். இன்னொருவர் ரியாக்ட், நோட் என்கிறார், விலையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எது நல்லது?

உங்களுக்கு லாராவெல் போதும். பிஹெச்பி மொழியில் வெப் மென்பொருள் எழுத உதவும் கட்டமைப்பு அது. பைதான் மொழியில் அதே வேலையைச் செய்யும் ஜாங்கோ தெரிந்தவர் கிடைத்தால் அதுவும் சரி. உங்கள் மென்பொருளில் இருக்கப்போவது படிவம், பட்டியல், ரிப்போர்ட். பயன்படுத்துவதும் பத்துப் பதினைந்து பேர். பக்கத்தை சர்வரே தயார் செய்து அனுப்பினால் இதற்குத் தாராளம். ரியாக்ட் பிரவுசரில் திரை கட்டும் கருவி, நோட் சர்வரில் ஓடுவது. ரியாக்ட் வைத்தால் பிரவுசருக்கு ஒரு நிரல், சர்வருக்கு ஒரு நிரல் என்று இரண்டு எழுத வேண்டும். விலை ஏறுவது பெரும்பாலும் அதனால்தான். ரியாக்ட் மோசமில்லை, திரை நொடிக்கு நொடி மாறுகிற வேலைக்கு அருமையான கருவி. உங்கள் வேலை அப்படிப்பட்டதல்ல.

மூன்று வருடம் கழித்து யார் திருத்துவார் என்பதையும் இப்போதே யோசியுங்கள். ரியாக்ட் போலவே திரை கட்டும் கருவியான கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் ஒரு காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்தது. 2021 டிசம்பரோடு அதற்கு ஆதரவு நின்றது. அதில் எழுதிய நிறுவனங்கள் திரும்ப எழுதத்தான் வேண்டியிருந்தது. லாராவெல்லிலும் ஒவ்வொரு பதிப்புக்கும் இரண்டு வருடம்தான் பாதுகாப்புத் திருத்தம் வரும். ஆகவே வருடாந்திர பராமரிப்புத் தொகையில் பதிப்பு ஏற்றுவதும் சேர்த்தி என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். டேட்டாபேஸாக போஸ்ட்கிரெஸ் கேளுங்கள், அதன் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருட ஆதரவு உண்டு.

இதைவிட முக்கியமானது ஒன்று. மளிகைக் கடையில் வாங்கிய பொருளே விற்கிற பொருள். உங்கள் யூனிட்டில் அப்படி இல்லை. கொட்டை மூட்டையாக உள்ளே போவது, டபிள்யூ 240, டபிள்யூ 320, பாதிப் பருப்பு, உடைசல் என்று பல சரக்காகப் பிரிந்து வருகிறது. தோடு தனியாக எண்ணெய்க்குப் போகிறது. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு. அளவு மாறினால் விலை மாறும். எந்த லோடு கொட்டையில் எந்த கிரேடு எத்தனை கிலோ தேறியது என்று தெரியாவிட்டால் அந்த மென்பொருளால் உங்களுக்குப் பயனில்லை. இரண்டு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்து, இந்தக் கணக்கு எந்தெந்த அட்டவணையில் எப்படி உட்காரும் என்று காகிதத்தில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். சரியாக வரைபவரிடம் வேலையைக் கொடுங்கள். அவர் எந்த மொழியில் எழுதினாலும் பரவாயில்லை.

புதுச்சேரியில் எலெக்ட்ரிக்கல் கடை, கடலூரில் கிளை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பில்லிங் மென்பொருள் போதுமா?

மென்பொருள் ஒன்று போதும், ஆனால் அது இரண்டு ஜிஎஸ்டி பதிவைத் தாங்க வேண்டும். முள்ளோடையைத் தாண்டினால் வேறு மாநிலம். புதுச்சேரி எண் 34-இல் தொடங்கும், தமிழ்நாட்டு எண் 33-இல். உங்கள் கடையிலிருந்து உங்கள் கிளைக்கே சரக்கு அனுப்பினாலும் சட்டப்படி அது இரண்டு தனி நபர்களுக்கு இடையிலான சப்ளை. ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஜிஎஸ்டி, போட்டு பில் எழுத வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் சரக்கோடு போகும் மின்னணு ஆவணமான இ-வே பில்லும் வேண்டும். வெறும் டெலிவரி சலானோடு நின்றுவிடும் மென்பொருளை வாங்காதீர்கள்.

பில்லில் "சப்ளை நடக்கும் மாநிலம்" என்பது தனிக் கட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளர் கடலூர்க்காரர் என்ற ஒரே காரணத்துக்காக மென்பொருள் தானாக ஐஜிஎஸ்டி போடக் கூடாது. கவுண்டரில் வாங்கிப்போவது, வண்டியில் அனுப்புவது, ஜிஎஸ்டி எண் உள்ளவர், இல்லாதவர் என்று ஒவ்வொன்றுக்கும் என்ன விதி என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கி டெவலப்பரிடம் கொடுத்துவிடுங்கள்.

வரி விகிதத்தை நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. 2025 செப்டம்பர் 22-இல் 12 சதவீதமும் 28 சதவீதமும் போய், பெரும்பாலான பொருட்கள் 5, 18 என்று ஆனபோது இப்படி எழுதியவர்கள் திண்டாடினார்கள். விகிதம் ஓர் அட்டவணையில், "எந்தத் தேதியிலிருந்து" என்ற கட்டத்தோடு இருக்க வேண்டும். அப்புறம், போட்ட பில்லில் அன்றைய விகிதம் அப்படியே பதிவாகி நிற்க வேண்டும். சோதிப்பது எளிது: டெமோவில் ஒரு பில் போடுங்கள், வரியை மாற்றுங்கள், பழைய பில்லைத் திறங்கள். தொகை மாறியிருந்தால் அந்த மென்பொருள் வேண்டாம்.

வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அடித்தால் சில இடத்தில் கேள்விக்குறியாக வருகிறது, சில இடத்தில் புரியாத எழுத்தாக வருகிறது. சரி செய்ய முடியுமா?

இரண்டும் வெவ்வேறு நோய். புரியாத எழுத்தாக வந்தால் பைட்டுகள் பெரும்பாலும் உள்ளே பத்திரமாக இருக்கும், தவறான குறிமுறையில் (எழுத்தை எண்ணாக வைக்கும் முறை) படிக்கிறார்கள், மீட்டுவிடலாம். டேட்டாபேஸுக்குள்ளேயே கேள்விக்குறியாகப் பதிவாகியிருந்தால் அந்தப் பெயர் போனது போனதுதான். இனிமேலாவது போகாமலிருக்க இன்றே திருத்தச் சொல்லுங்கள். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால் அட்டவணை, இணைப்பு இரண்டும் யுடிஎஃப்8எம்பி4 என்ற குறிமுறையில் இருக்க வேண்டும். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியல் இருந்தால் அதையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் தேடினால் கிடைக்காது.

அகர வரிசையையும் சோதியுங்கள். கபிலன், கனகா என்று இரண்டு பெயரை ஏற்றி வரிசைப்படுத்துங்கள். கனகா முதலில் வந்தால் டேட்டாபேஸ் யூனிகோடு எண்ணை வைத்து அடுக்குகிறது என்று பொருள், அதில் ன-வுக்கு அடுத்துத்தான் ப. நம் வரிசையில் ன கடைசி. போஸ்ட்கிரெஸில் ஐசியு என்ற யூனிகோடு நூலகத்தின் தமிழ் வரிசையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

ஆர்டர் எடுக்க எங்கள் ஆட்கள் கிராமம் கிராமமாகப் போகிறார்கள். மொபைல் ஆப் வேண்டுமா, வெப் போதுமா?

சிக்னல் இல்லாதபோதும் திறக்கும் வெப் ஆப், அதாவது பிடபிள்யூஏ, போதும். ஆர்டர் போனில் சேமிப்பாகி, சிக்னல் வந்ததும் சர்வருக்குப் போகும். ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி அடையாள எண்ணைப் போனிலேயே உருவாக்கச் சொல்லுங்கள். பாதி சிக்னலில் ஒரே ஆர்டர் இரண்டு முறை போனாலும், அந்த எண்ணை வைத்து சர்வர் இரண்டாவதை ஒதுக்கிவிடும். இது இல்லாமல் செய்தால் ஒரே கடைக்கு இரண்டு லோடு போகும். பிரவுசர் சேமிப்பு அழிந்துபோகக்கூடியது, அதனால் மாலையில் ஆர்டர்கள் எல்லாம் ஏறிவிட்டதா என்று திரையிலேயே தெரிய வேண்டும்.

புதுச்சேரியில் மூன்று அறை ஹோம்ஸ்டே. சொந்தமாக புக்கிங் மென்பொருள் எழுதலாமா? ஏஐ வைத்து நானே எழுதிவிடலாம் என்கிறார்கள்.

மூன்று அறைக்கு எழுத வேண்டாம், மாதக் கட்டணத்தில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பல தளங்களில் அறையைப் போட்டிருந்தால், வெறும் காலண்டர் லிங்க் வழியாக இணைப்பதை நம்பாதீர்கள். அது உடனுக்குடன் மாறாது, நீண்ட வார இறுதியில் ஒரே அறையை இருவர் எடுத்துவிடுவார்கள். ஏஐ கருவிகள் திரையை வேகமாகக் கட்டித் தரும், முயன்று பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பணம் வாங்கும் இடத்தில், எழுதிய நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒருவர் இல்லாமல் இறங்காதீர்கள். பணம் வந்ததை பேமெண்ட் கேட்வே நேரடியாக சர்வருக்கு அனுப்பும் வெப்ஹூக் என்ற தானியங்கிச் செய்தியை வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும், வாடிக்கையாளரின் திரையை வைத்து அல்ல.

கடலூர் முதுநகரில் ஆபீஸ். சர்வரை இங்கேயே வைக்கலாமா, கிளவுடா?

கிளவுட். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல், இரண்டும் கரையேறியது நம் பக்கம்தான். தானேவுக்குப் பிறகு எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று உங்களுக்கே தெரியும். மும்பையிலோ ஹைதராபாத்திலோ உள்ள டேட்டா சென்டரைத் தேர்ந்தெடுங்கள்.

கிளவுட் கணக்கு, டொமைன், நிரல் வைத்திருக்கும் கிட் கணக்கு மூன்றும் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் போனுக்கு ஓடிபி வரும்படி இருக்க வேண்டும். டெவலப்பருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். "நானே பார்த்துக்கொள்கிறேன் சார்" என்று அவர் அன்பாகச் சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தினமும் இரவு டேட்டாபேஸின் நகல் ஒன்று வேறொரு நிறுவனத்தின் சேமிப்புக்குப் போகட்டும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் ஏற்றச் சொல்லி, முந்தைய நாளின் கடைசி பில் எண் அதில் இருக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே பாருங்கள்.