"ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், டாக்டர்"

நெஞ்சு படபடப்புக்காக நான்கு மாதத்தில் மூன்று ஈசிஜி, ஒரு எக்கோ எடுத்துவிட்டேன். எல்லாம் நார்மல். ரிப்போர்ட்டை உங்களுக்கு அனுப்பட்டுமா? ஒன்றுமில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். (34 வயது வாசகர்)

அனுப்ப வேண்டாம், நான் சொல்லவும் மாட்டேன். கோபப்படாதீர்கள். ஏற்கெனவே பார்த்த டாக்டர்கள் சொன்னதையே நானும் சொன்னால் இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவீர்கள். இரண்டு நாள் கழித்து, "ஈசிஜி எடுத்த நேரத்தில் படபடப்பே இல்லையே, அப்புறம் எப்படித் தெரியும்?" என்று மனசு மறுபடி கிளப்பும். நோய் இருக்குமோ என்ற இந்தப் பயத்தை 'உடல்நலப் பதற்றம்' என்பார்கள். ஆறுதல் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் இதற்குத் தீனி என்று பிரிட்டனில் சால்கோவ்ஸ்கிஸ், வார்விக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-லேயே எழுதிவிட்டார்கள். அடிக்கடி நாடி பிடிப்பது, ஆக்சிமீட்டர் மாட்டுவது, கூகுளில் தேடுவது எல்லாம் அதே தீனிதான். பயந்துகொண்டே நாடி பிடித்தால் அது வேகமாகத்தான் துடிக்கும். அந்த வேகத்தைப் பார்த்து இன்னும் பயம் வரும்.

இதற்கு 'சிபிடி' என்ற, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை ஆன்லைனிலேயே கிடைக்கிறதாமே? நேரில் பேசாமல் எப்படிக் குணமாகும்?

எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. சுவீடனின் ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடல்நலப் பதற்றம் உள்ள 204 பேரை இரண்டு பிரிவாக்கி, 12 வாரம் ஒரு பிரிவுக்கு நேரிலும் இன்னொன்றுக்கு ஆன்லைனிலும் இதே சிகிச்சையைத் தந்தார்கள். 2020-இல் வெளியான முடிவின்படி ஆன்லைன் சிகிச்சை நேரடிச் சிகிச்சைக்குச் சளைத்ததாக இல்லை. ஆன்லைனில் ஒரு நோயாளிக்குச் சிகிச்சையாளர் செலவிட்ட நேரமோ வாரத்துக்குச் சுமார் 10 நிமிடம்தான். நேரில் அது 45 நிமிடத்தைத் தொட்டது.

இதை வீடியோ அழைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வாரம் ஒரு பாடம் படிக்க வேண்டும், வீட்டுப்பாடம் செய்ய வேண்டும், நடந்ததை எழுதி அனுப்ப வேண்டும். சிகிச்சையாளரும் எழுத்திலேயே பதில் தருவார். வீட்டுப்பாடம்தான் இதில் உயிர்நாடி. வேகமாகப் படியேறி இதயத்தைத் துடிக்கவிட்டு, நாடியைத் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மாரடைப்புச் செய்தி வந்தால் தாண்டிப் போகாமல் கடைசி வரி வரை படிக்க வேண்டும். தேடத் துடிக்கும் கையைப் பத்து நிமிடம், அப்புறம் அரை மணி நேரம் என்று தள்ளிப்போட வேண்டும்.

நேரில் வருபவர்கள் என் முகத்தைப் பார்த்தே "ஒன்றுமில்லை"யைக் கறந்துகொண்டு போய்விடுவார்கள். எழுத்தில் அது நடக்காது. ஆன்லைனின் குறை என்று பலரும் சொல்லும் இதுவே, என்னைக் கேட்டால், பாதி வைத்தியம்.

என் மனைவி ஒரு நாளைக்கு இருபது தடவை கழுத்தைக் காட்டி "கட்டி இருக்கா பாருங்க" என்கிறார். இல்லை என்றால் நம்புவதில்லை, திட்டினால் அழுகிறார்.

டாக்டர் ஒருமுறை பார்த்துவிட்டார் என்றால் நீங்கள் இனித் தொட்டுப் பார்க்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். அவர் அமைதியாக இருக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வாக்கியத்தை முடிவு செய்யுங்கள். "இது பயம் கேக்குற கேள்வி, இதுக்கு நான் பதில் சொல்லல. வா, டீ போடலாம்" என்பது போல. முதல் சில நாள் கேள்விகள் கூடும், அதில் தளர்ந்துவிடாதீர்கள். இன்னொன்று, அழுத்தி அழுத்திப் பார்த்தால் எந்தக் கழுத்தும் வலிக்கும். அதையும் நோயின் அறிகுறி என்பார்.

அப்பா குடல் புற்றுநோயில் இறந்தார். இனி டாக்டரிடமே போகக் கூடாது என்கிறீர்களா?

இல்லவே இல்லை. குடும்பத்தில் இருந்ததால் எந்த வயதில் என்ன பரிசோதனை என்று ஒரு டாக்டரிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, வியர்வையோடு நெஞ்சுவலி என்றால் யாராக இருந்தாலும் போகத்தான் வேண்டும். ஒரே புகாருக்கு நாலாவது டாக்டரைத் தேடுவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

தமிழில் யாரிடம் பேசுவது?

14416, அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண். இலவசம், தமிழிலும் பேசலாம். முழு சிபிடி அங்கே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், யாரைப் பார்ப்பது என்று வழிகாட்டுவார்கள். தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். அப்படியே "வீட்டுப்பாடம் தருவீர்களா?" என்றும் கேளுங்கள். பேச்சு மட்டும்தான் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.