பெயரைக் கொடுத்தபின் மேன்முறையீடு செய்து பயனில்லை

கேள்வி: கோண்டாவிலில் இருந்து ஊர்ச் செய்திகளுக்காக முகநூல் பக்கம் ஒன்று நடத்துகிறேன். தனியார் கல்வி நிலையம் ஒன்றைப் பற்றிப் புனைபெயரில் ஒருவர் இட்ட கருத்துக்காக என்மேல் மானநட்ட வழக்கு. அவருடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் 3 கிழமைக்குள் கொடுக்கும்படி மாவட்ட நீதிமன்றம் கட்டளையிட்டுள்ளது. மேன்முறையீட்டுக்கு 60 நாள் இருக்கிறது என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. அந்த 60 நாள், வழக்கை முடித்துவைக்கும் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டு மனுவுக்கு உரியது. உங்களுடையது வழக்கின் நடுவே வந்த கட்டளை. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 754(2), 757 ஆம் பிரிவுகளின்படி முதலில் மேன்முறையீட்டு அனுமதி கேட்க வேண்டும். அதற்கு 14 நாள்தான். மனுவை மாவட்ட நீதிமன்றத்தில் கொடுத்து நாட்களை வீணாக்காதீர்கள். அது நேரே யாழ்ப்பாணக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

நாள் எண்ணுவதில்தான் பலர் தவறுகிறார்கள். கட்டளை 1 ஆம் திகதி திங்கட்கிழமை வந்ததென்றால் அந்த நாளைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 7, 14 ஆகிய ஞாயிறுகளும் கழியும். ஆகவே 17 ஆம் திகதி புதன்கிழமைதான் 14 ஆவது நாள். இடையில் போயா வந்தால் ஒரு நாள் கூடும், சனிக்கிழமை கழியாது. கட்டளையினதும் வழக்கேட்டினதும் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். மனுவோடு சத்தியக்கடதாசியும் வேண்டும்.

மனுப் போட்டதும் கட்டளை தானாக நின்றுவிடாது. இடைக்காலத் தடைக்கட்டளையை அதே மனுவில் கேளுங்கள். 3 கிழமை முடியுமுன் அது நீதிமன்றத்தில் விசாரிக்கப்படவும் வேண்டும். பெயர் ஒருமுறை வெளியே போனால் எந்த நீதிமன்றமும் அதைத் திருப்பி எடுத்துத் தர முடியாது. தடை கிடைக்காமல் கட்டளையை மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. கருத்தை அழிப்பதும் கூடாது: சான்றை மறைத்தீர்கள் என்பார்கள்.

பக்கத்தை நடத்துபவருக்கு முகநூல் மற்றவர்களின் தொலைபேசி இலக்கத்தைக் காட்டுவதில்லை. உட்பெட்டியில் அவரே தந்திருந்தாலொழிய, அது உங்களிடம் இல்லை என்று சத்தியக்கடதாசியில் உள்ளபடி எழுதுங்கள். இருந்தால் இல்லையென்று எழுத வேண்டாம்.

எதிர்த்தரப்பு இங்கிலாந்தின் 1973 ஆம் ஆண்டு நோர்விச் பார்மக்கல் தீர்ப்பைக் காட்டக்கூடும்: வேறொருவரின் தவறில் அறியாமலேனும் சம்பந்தப்பட்ட மூன்றாம் ஆள், தவறு செய்தவரைப் பற்றித் தகவல் தர வேண்டும் என்பது அது. நீங்கள் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில நீதிமன்றத்தின் 2001 ஆம் ஆண்டு டென்ட்ரைட் தீர்ப்பை வையுங்கள். எழுதியவருக்கு அறிவித்தல் போனதா, அவதூறான சொற்கள் எவை என்று அப்படியே எடுத்துக் காட்டப்பட்டதா, வழக்கைத் தாங்கும் அளவுக்கு முதல் தோற்றத்தில் சான்று உண்டா, அதன் பிறகு பேச்சுரிமையோடு நிறுத்துப் பார்க்கப்பட்டதா என்று அது கேட்கிறது. இரண்டுமே இங்கு கட்டுப்படுத்தா. ஆனால் பேச்சுச் சுதந்திரம் தரும் அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரையோடு சேர்த்து வாதிட்டால் டென்ட்ரைட்டுக்குக் கனம் உண்டு. ‘மோசமான இடம்’ என்பது அபிப்பிராயம். ‘காசைத் திருடினார்கள்’ என்பது நிகழ்வுக் கூற்று. எழுதப்பட்டது இதில் எது என்பதிலேயே உங்கள் வாதத்தின் பலம் தங்கியிருக்கிறது.

எழுதியவருக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். ஆனால் அவர் தாமே மனுப் போட்டால் பெயரும் முகவரியும் மனுவில் வந்துவிடும். ஆகவே இந்தச் சுமை உங்கள் தோளில்தான்.

14 நாள் கடந்திருந்தால், கட்டளையை மேல் நீதிமன்றம் திரும்பப் பார்க்கும்படி கேட்கும் மீளாய்வு மனு ஒன்றே மிச்சம். அதற்கு விசேட சூழ்நிலை காட்ட வேண்டும், தாமதத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும். கட்டளை வந்த திகதியை நீங்கள் எழுதவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நாளை காலையே சட்டத்தரணியிடம் போங்கள்.