அமிலத்தில் புரதம் உருக்குலையும் என்றால், வயிற்றைத் தாண்டி பாக்டீரியா எப்படி உயிரோடு போகிறது? எலுமிச்சை பிழிந்தால் கிருமி சாகுமா?

நீங்கள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி என்று நினைக்கிறேன். ‘அமிலத்தில் புரதம் உருக்குலையும், அதனால் கிருமி சாகும்’ என்று நோட்ஸில் ஒரே வரி கொடுத்திருப்பார்கள். எனக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். அந்த வரியை நம்பிய ஒருவரால் நான் ஒரு முறை ஏமாற்றுக்காரன் ஆனேன். பதில் நீளமாக இருந்தால் காரணம் அதுதான்.

வரி முழுத் தப்பு இல்லை. பால் தயிராவதைப் பாருங்கள். பாலின் முக்கியப் புரதமான கேசீனின் துகள்கள் தங்கள் மின்சுமையால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. புளித்துப் புளித்து பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 4.6 பக்கம் வந்ததும் அந்தச் சுமை சமனாகி, ஒட்டித் திரள்கின்றன. (கேசீனுக்கு முதலிலேயே இறுக்கமான மடிப்பு கிடையாதே என்று கமெண்டில் ஒருவர் வருவார். தெரியும் சார், சுமை மாறினால் என்ன ஆகும் என்று காட்டத்தான் சொன்னேன்.) நன்றாக மடிந்த புரதத்தில் நிலைமை இன்னும் மோசம். அமிலம் ஏற ஏற புரோட்டான்கள் வந்து ஒட்டும், உள்ளே பிடித்துவைத்திருந்த எதிரெதிர்ச் சுமைகளின் பிணைப்பு விடும், மடிப்பு பிரியும். உள்ளே மறைந்திருந்த, தண்ணீருக்கு ஆகாத பகுதிகள் வெளியே தெரியும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அப்புறம் பிரிப்பது கஷ்டம்.

சரி, என் கதை. எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை பிஎச் 2.5-இல் இரண்டு மணி நேரம் வைத்து எத்தனை பிழைக்கிறது என்று எண்ண வேண்டும். முதல் நாள் காலையில் புதிதாக கல்ச்சர் போட்டு, வேகமாக வளர்ந்துகொண்டிருந்தபோது எடுத்து அமிலத்தில் விட்டேன். பிழைத்தவை வளர்ந்து புள்ளி புள்ளியாக, அதாவது காலனியாகத் தெரிய வேண்டிய பிளேட் துடைத்துவிட்டது போல் சுத்தம். கைடுக்கு மகிழ்ச்சி. இரண்டாம் முறை பஸ்ஸைத் தவறவிட்டுத் தாமதமாக வந்தேன். நேரமில்லை என்று முந்தின இரவு போட்டு வைத்த ஃப்ளாஸ்கிலிருந்தே நேராக எடுத்துவிட்டேன். மறுநாள் பிளேட்டில் எண்ண முடியாத அளவுக்குக் காலனி.

“அமிலத்துல போட்டியா, பச்சத் தண்ணியில போட்டியா?” என்றார் கைடு. பிஎச் மீட்டரை பிஎச் 4, 7 என்று தெரிந்த பஃபர் கரைசல்களில் மறுபடி சரிபார்த்துக் காட்டினேன். நம்பவில்லை. மூன்றாம் முறை அவர் எதிரிலேயே செய்யச் சொன்னார். நல்ல பிள்ளையாகப் புதுக் கல்ச்சர் போட்டேன், எல்லாம் செத்தது. ஆக இரண்டாம் நாள் ரிசல்ட் நான் ஜோடித்தது என்று முடிவாகிவிட்டது. அந்தப் பக்கம் தீசிஸில் இடம்பெறவில்லை.

இரண்டுமே சரியான ரிசல்ட் என்பது வேலைக்குப் போன பிறகுதான் புரிந்தது. உணவு தீர்ந்து வளர்ச்சி நின்ற ஈ.கோலையில் ஆர்.பி.ஓ.எஸ். என்ற புரதம் பெருகி, நெருக்கடிக்கு வேண்டிய பல ஜீன்களை முடுக்கிவிடுகிறது. அந்த செல்கள் அமிலம் வருவதற்கு முன்பே அதற்குத் தயாராக நிற்கின்றன. காலையில் போட்ட இளசுக்கு அந்த ஏற்பாடு கிடையாது.

அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது எச்.டி.இ.ஏ. மூலக்கூறு எடை பத்தாயிரம் டால்டன்கூடத் தேறாத குட்டிப் புரதம். இருப்பது ஈ.கோலையைச் சுற்றியுள்ள உள்சவ்வு, வெளிச்சவ்வு இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில். வெளிச்சவ்வில் துளைகள் இருப்பதால் வயிற்றின் அமிலம் அங்கே தடையில்லாமல் நுழையும், உதவிக்கு செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யும் கிடையாது. சாதாரண நேரத்தில் எச்.டி.இ.ஏ. இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து சும்மா இருக்கும். பிஎச் 3-க்குக் கீழே போனால் ஜோடி பிரிந்து, தானே பாதி உருக்குலையும். குலைந்தால்தான் அதற்கு வேலையே! வெளிவந்த ஒட்டும் பகுதிகளால் மற்றப் புரதங்களைப் பிடித்து, அவை திரளாமல் வைத்துக்கொள்ளும். குடலுக்கு வந்து பிஎச் ஏறியதும் பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மொத்தமாக விட்டால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அல்லவா? இப்படி மெதுவாக விடுவதை மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 2010-இல் காட்டியது.

செல்லுக்கு உள்ளே வேறு வழி. குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தை காபா என்ற பொருளாக மாற்றும்போது ஒவ்வொரு முறையும் ஒரு புரோட்டான் செலவாகிறது. காபாவை வெளியே தள்ளி, அதே வாசலில் அடுத்த குளூட்டமேட்டை உள்ளே இழுக்கிறது. கிருமியை வளர்க்க நான் பயன்படுத்திய எல்பி என்ற ஊட்டத் திரவத்தில் அமினோ அமிலங்களுக்குப் பஞ்சமில்லை.

எல்லா பாக்டீரியாவும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி யூரியாவை உடைத்து அம்மோனியா எடுத்து அமிலத்தை முறிக்கிறது. காலரா கிருமிக்கு இவ்வளவு தாங்கும் சக்தி இல்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். என் வகுப்பில் பாதிப்பேர் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி, ஸ்பைரல் பைண்டிங்கோடு ரிசல்ட் வாங்கி வந்தார்கள். அவர்கள் கிராஃபில் ஒரு புள்ளிகூடக் கோட்டை விட்டு விலகாது. அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது நான் ஆள் எடுக்கும்போது அந்த மாதிரி கிராஃபைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது, அந்தப் பையன் உண்மையிலேயே நன்றாகச் செய்திருந்தால்கூட.

எலுமிச்சை. சாறு தனியாக நல்ல அமிலம்தான், ஆனால் வெள்ளரிக்காய் மேல் பிழிந்ததும் நீர்த்துவிடும். இலையிலும் தோலிலும் பட்டினியில் கிடக்கும் கிருமி என் இரண்டாம் நாள் ஃப்ளாஸ்க் ரகம். 1996-இல் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பாஸ்டரைஸ் செய்யாத, இயல்பிலேயே புளிப்பான ஆப்பிள் ஜூஸில் ஈ.கோலை ஓ157 என்ற ஆபத்தான வகை பிழைத்திருந்து, ஒரு குழந்தை இறந்தது. ருசிக்குப் பிழியுங்கள். கிருமிக்கு, காயை ஓடும் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். சந்தேகம் என்றால் வேகவைத்துவிடுங்கள்.