எச்.ஐ.வி ட்ரெய்னிங்: சிட்டிக்கு நாம போறதா, அவங்கள இங்க கூப்பிடறதா?

பென்னாகரம் பக்கத்துல பி.எச்.சி-ல (ஆரம்ப சுகாதார நிலையம்) வேலை பாக்கற ஒரு டாக்டர் கேட்டிருக்காங்க: "எச்.ஐ.வி ட்ரெய்னிங் ரெண்டு நாள் போனேன், ஸ்லைடா ஓட்டுனாங்க, ஊருக்கு வந்ததும் பாதி மறந்துடுச்சு. சென்னைல ஒரு சீனியர் டாக்டரோட மாத்தி மாத்தி போய்வரலாம்னு பேசிட்டிருக்கோம், எப்படி பண்ணா உபயோகமா இருக்கும்?"

மறந்தது உங்க தப்பில்ல டாக்டர். எப்பவாவது ஒரு பேஷண்ட் வர்ற இடத்துல ஸ்லைடு எப்படி ஞாபகம் நிக்கும்? அதனால சென்னை போனா ஹால்ல உக்காராதீங்க, நேரா ஓ.பி-ல உக்காருங்க, தாம்பரம் சானடோரியம் மாதிரி 2004-ல இலவச ஏ.ஆர்.டி (எச்.ஐ.வி-ய கட்டுப்படுத்தற மருந்து சிகிச்சை) ஆரம்பிச்சப்பவே இருந்த சென்டர்னா இன்னும் நல்லது. ஒரு முழு நாள் பேஷண்ட்டுக்கு ஆலோசனை சொல்ற கவுன்சிலர் ரூம்ல இருங்க, டாக்டர்கிட்ட சொல்லாதத பேஷண்ட் அங்கதான் சொல்லுவாங்க.

நீங்க கத்துக்க வேண்டியது புது மருந்து மாத்தறது இல்ல, அத ஏ.ஆர்.டி சென்டர் பாத்துக்கும். உங்க கையில நடக்கறது வேற. டொலுடெக்ராவிர்ங்கற ஏ.ஆர்.டி மாத்திரை சாப்பிடற கர்ப்பிணிக்கு நீங்க இரும்பு, கால்சியம் மாத்திரைய வெறும் வயித்துல சேத்து குடுத்தா டொலுடெக்ராவிர் உடம்புல சரியா ஏறாது, ஏ.ஆர்.டி மாத்திரைக்கு அப்புறம் 2 மணி நேரம் கழிச்சு குடுக்கணும், இல்லன்னா எல்லாத்தையும் சாப்பாட்டோட சேத்து சாப்பிடச் சொல்லணும். டொலுடெக்ராவிர் சாப்பிடறவங்க சுகர் பேஷண்ட்டாவும் இருந்தா மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1000 மி.கி தாண்டக்கூடாது. டி.பி-க்கு ரிஃபாம்பிசின் போகுதுன்னா 12 மணி நேரம் கழிச்சு இன்னொரு 50 மி.கி டொலுடெக்ராவிர் வேணும், டி.பி மருந்து முடிஞ்சும் ரெண்டு வாரம் அது தொடரணும். அப்புறம் ராத்திரி பிரசவத்துல சிஸ்டருக்கு ஊசி குத்திடுச்சுன்னா எச்.ஐ.வி ஒட்டாம தடுக்கற மாத்திரைய ஆரம்பிக்க முதல் 2 மணி நேரம் தங்கம் மாதிரி, 72 மணி நேரம் தாண்டிட்டா பிரயோஜனமில்ல, 28 நாள் கோர்ஸ். அந்த மாத்திரை உங்களுக்கு பக்கத்துல எங்க இருக்கு, யாருக்கு போன் பண்ணணும்னு இப்பவே தெரிஞ்சு வச்சுக்கோங்க.

சிட்டி டாக்டர் இங்க வர்றதுதான் எனக்கு முக்கியமா படுது. அவர ஒகேனக்கல் கூட்டிப்போய் மீன் வறுவல் வாங்கிக் குடுத்து அனுப்பிடாதீங்க (குடுக்கலாம், ஆனா சாயங்காலம்). பேஷண்ட் வர்ற டவுன் பஸ்லயே வரச்சொல்லுங்க. செங்கல் சூளைக்கோ பெங்களூர் கட்டட வேலைக்கோ போனவரு மூணு மாசம் வரலன்னா அங்க 'டிஃபால்ட்டர்'னு (மருந்த பாதில விட்டவரு) எழுதிடறாங்க, இங்க வந்தாதான் தெரியும் அவரு கவுண்டர்ல சொந்தக்காரங்க நிக்கறாங்கன்னு பயந்து வேற ஊர்ல மருந்து வாங்கறாரு, இல்ல பஸ் காசு இல்லாம விட்டுட்டாருன்னு. நானே பல வருஷம் அப்படி எழுதுனவன்தான்.

கேஸ் பேசறப்ப பேர், ஊர் வேணாம், ரிப்போர்ட் போட்டோவ வாட்ஸ்அப் குரூப்ல போடவே கூடாது, 2017 எச்.ஐ.வி சட்டமே ரகசியம் காக்கச் சொல்லுது. வாரத்துல ஒரு நாள் போன்ல பேசிக்கிட்டாலே போதும். நீங்க இல்லாத நாள்ல உங்க ஓ.பி-ய யார் பாப்பாங்கன்னு மாவட்ட ஹெல்த் ஆபீசர்கிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க, பல ஏற்பாடு அங்கதான் நின்னுபோகுது. சிட்டி டாக்டர் வர்ற நாள செவ்வாக்கிழமையா பாத்து வைங்க, கர்ப்பிணிங்க வர்ற நாள், எச்.ஐ.வி டெஸ்டும் இரும்பு மாத்திரையும் ஒரே வரிசைல நடக்கறத அவரு கண்ணாலயே பாக்கட்டும்.