முதல்ல கோச், அப்புறம் ஆள்

*வாசகர் கேள்வி–பதில்: அமெரிக்கன் ஃபுட்பால்*

பிள்ளைகள் டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் வேலையில் இருப்பதால், நம் பக்கத்து வீடுகளிலும் என்.எஃப்.எல். (அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய லீக்) பேச்சு நுழைந்துவிட்டது. கல்லூரியிலிருந்து ஆள் எடுக்கும் டிராஃப்ட் பற்றியும், அணிக்கு யாரைக் கோச்சாகக் கொண்டுவருவது என்பது பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் தருகிறோம்.

திருப்பூர் வாசகர்: ஏனுங்க, இந்த டிராஃப்ட் நம்ம ஐ.பி.எல். ஏலம் மாதிரிதானுங்களா? காசு இருக்கற டீமு நல்ல பையனையெல்லாம் அள்ளிட்டுப் போயிருமா?

போகாது. இங்கே ஏலம் கிடையாது, வரிசை மட்டும்தான். 32 அணிகள், 7 சுற்றுகள். போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்கு 32-வது வாய்ப்பு. பிளேஆஃபுக்குப் போகாத 18 அணிகள் முதல் 18 இடங்களில் நிற்கும். இரண்டு அணிகளின் வெற்றி தோல்வி சமமாக இருந்தால், லேசான எதிரிகளோடு ஆடிய அணிக்கு முன்னிடம். லேசான எதிரிகள் இருந்தும் தோற்றிருக்கிறதே, அதற்குத்தான் உதவி அதிகம் தேவை என்பது கணக்கு. பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று வருஷமாவது ஆகாத பையனை யாரும் தொட முடியாது.

சம்பளமும் எந்த இடத்தில் எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. 2010-ல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 வருஷத்துக்கு 7.8 கோடி டாலர். 2011-ல் லீகுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையே புதிய ஒப்பந்தம் வந்தது. அந்த வருஷம் முதல் ஆளான கேம் நியூட்டனுக்கு 4 வருஷத்துக்குச் சுமார் 2.2 கோடிதான். நல்ல குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) கிடைத்த அணிக்கு நான்கு வருஷம் மலிவாக ஆள் கிடைக்கிறார். முதல் சுற்று ஆள் என்றால் அணி விரும்பினால் ஐந்தாவது வருஷமும் வைத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பலாம். டிராஃப்டின் உண்மையான லாபம் இதுதான்.

பெருந்துறை வாசகர்: எங்க கூட்டாளிகளுக்குள்ள தீராத சண்டைங்க. கடைசியா முடிச்ச டீமு குவார்ட்டர்பேக்கை எடுக்கறதா, இல்ல அவனைக் காப்பாத்தற லைன் ஆளை எடுக்கறதா?

உங்கள் சண்டையில் மூன்றாவதாக ஒருவர் விட்டுப்போயிருக்கிறார். அவர்தான் ஹெட் கோச்.

2016-ல் ராம்ஸ் அணி, தன் டிராஃப்ட் இடங்களைக் கொடுத்து 15-வது இடத்திலிருந்து முதல் இடத்துக்கு ஏறி ஜேரட் காஃப் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அந்த வருஷம் அவர் தொடங்கிய 7 ஆட்டத்திலும் தோல்வி. 5 டச்டவுன் (பந்தை எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது), 7 இன்டர்செப்ஷன் (எதிராளி பிடித்துவிட்ட வீச்சு). சீசன் முழுக்க ராம்ஸ் எடுத்த 224 புள்ளிகள்தான் லீகிலேயே குறைவு. 'தப்பான ஆளை எடுத்துவிட்டார்கள்' என்று ரசிகர்கள் முடிவு கட்டினார்கள்.

2017-ல் 30 வயது ஷான் மெக்வே கோச்சாக வந்தார். லெஃப்ட் டேக்கிள் (லைனின் இடது பக்கத்து ஆள்) இடத்துக்கு 35 வயது ஆண்ட்ரூ விட்வொர்த்தை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். அதே காஃப் அந்த வருஷம் 28 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன் என்று முடித்தார். அணி 478 புள்ளிகள் எடுத்து லீகில் முதலிடம் பிடித்தது. பையன் அதே பையன்தான். அவன் முன்னால் நின்ற லைனும், அவன் காதில் பேசிய கோச்சும்தான் மாறியிருந்தார்கள்.

இதற்கு நேர் எதிர்க் கதை ஹூஸ்டன் டெக்சன்ஸ். 2002-ல் முதல் ஆளாக டேவிட் காரை எடுத்து, ஓட்டை லைனுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். முதல் சீசனிலேயே 76 முறை பந்தோடு அடித்து வீழ்த்தப்பட்டார். அப்படி அடி வாங்குகிறவனுக்குக் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஆள் வருவதற்கு முன்பே தலையைத் தாழ்த்துவான், பந்தைப் பிடிக்க ஓடும் இரண்டாவது ரிசீவரைப் பார்க்காமலே பந்தை வீசிவிடுவான். அப்புறம் எத்தனை நல்ல லைன் வைத்தாலும் அந்தப் பழக்கம் லேசில் போகாது.

ஆகவே எங்கள் பதில் இதுதான்: உண்மையிலேயே தகுதியான குவார்ட்டர்பேக் இருக்கும் வருஷம் அவனையே எடுங்கள், அந்த வாய்ப்பு அடிக்கடி வராது. ஆனால் அவனுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரிந்த கோச் டிராஃப்டுக்கு முன்பே, ஜனவரியிலேயே வந்திருக்க வேண்டும். லைன் தயாராகவில்லை என்றால் முதல் வருஷம் பெஞ்சில் உட்கார வையுங்கள். 2017-ல் கன்சாஸ் சிட்டி பேட்ரிக் மஹோம்ஸை 10-வது ஆளாக எடுத்து, கோச் ஆண்டி ரீட் அவரை அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அந்த சீசனின் கடைசி ஆட்டத்தில்தான் தொடங்கவிட்டார். அடுத்த வருஷம் 50 டச்டவுன், லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது. அதே டிராஃப்டில் அவருக்கு முன்னால் 2-வது ஆளாகப் போனவர் மிட்செல் ட்ருபிஸ்கி என்ற இன்னொரு குவார்ட்டர்பேக் என்பதை உங்கள் கூட்டாளிகளுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

பொள்ளாச்சி வாசகர்: 40 கஜ ஓட்டத்துல ஒருத்தன் மின்னலாட்டம் ஓடறானுங்க. அவனைப் போயி மூணாவது சுற்று வரைக்கும் விட்டு வெக்கறாங்களே, ஏனுங்க?

கண்ணபுரம் சந்தையில் காளை வாங்கப் போகிறவர், கட்டியிருக்கும் காளையின் திமிலைப் பார்த்த கையோடு விலை பேசிவிடுவாரா? பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், அவிழ்த்து நடக்கவிட்டுக் குளம்பு எப்படி விழுகிறது என்று பார்ப்பார். டிராஃப்டுக்கு முன் இண்டியானாபோலிஸில் நடக்கும் கம்பைன் என்ற உடல்திறன் சோதனை, காளையைக் கட்டிவைத்துக் காட்டும் இடம். ஆடிய ஆட்டங்களின் வீடியோதான் நடக்கவிட்டுப் பார்ப்பது.

கம்பைனில் 40 கஜம், அதாவது 36.6 மீட்டர் ஓட்டம் உண்டு. 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்குகிறான், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு எம்புகிறான் என்பதெல்லாம் உண்டு. 2024-ல் சேவியர் வொர்தி 4.21 விநாடியில் ஓடிச் சாதனை படைத்தார். 2000-ல் குவார்ட்டர்பேக் டாம் பிரேடிக்கு ஆனது 5.28 விநாடி. அவரை 199-வது ஆளாக எடுத்தார்கள், அவர் 7 சூப்பர் பவுல் (லீகின் இறுதி ஆட்டம்) வென்றார். குவார்ட்டர்பேக்குக்கு அந்த ஓட்டத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. ரிசீவருக்கும் அவரைத் துரத்தித் தடுக்கும் கார்னர்பேக்குக்கும் அது உயிர். லைன் ஆளுக்கு முதல் 10 கஜத்தின் நேரத்தை மட்டும் பாருங்கள், அவன் 40 கஜம் ஓடும் சந்தர்ப்பம் ஆட்டத்தில் வருவதே அபூர்வம். டி.வி.யில் காட்டாத ஒன்றுக்குத்தான் அணிகள் அங்கே அதிக மதிப்பு கொடுக்கின்றன: டாக்டர்கள் முழங்காலையும் தோளையும் திருகிப் பார்க்கும் பரிசோதனை. நன்றாக ஓடியவன் திடீரென்று கீழே இறங்கினால், பெரும்பாலும் காரணம் அந்த அறைக்குள் இருக்கும்.

வீடியோ பார்ப்பதற்கும் முறை உண்டு. களத்தில் உள்ள 22 பேரும் தெரியும் மேல்கோண வீடியோவை எடுங்கள். லெஃப்ட் டேக்கிள் ஒருவனை மதிப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். பந்தை மறந்துவிடுங்கள், அவன் காலை மட்டும் பாருங்கள். பந்து நகர்ந்ததும் இடது கால் பின்னால் சாய்வாகப் போக வேண்டும். வலது கால் தரையை விட்டு அதிகம் எழும்பாமல் அதைத் தொடர வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தாண்டவே கூடாது. முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், இடுப்பில் குனியக் கூடாது. குனிந்தவனை எதிராளி கையைப் பிடித்து இழுத்தால் முகம் குப்புற விழுவான். கை எதிராளியின் மார்புக்குள் போக வேண்டும். தோளுக்கு வெளியே போனால் நடுவர் ஹோல்டிங் என்று கொடி வீசுவார், 10 கஜம் பின்னால். மூன்றாவது டவுனில் (10 கஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) 7 கஜத்துக்கு மேல் தேவைப்படும் இடங்களை மட்டும் தனியாக வெட்டிப் பாருங்கள். பாஸ்தான் வரும் என்று எதிரணிக்குத் தெரிந்த பிறகும் தாங்குகிறானா என்பது அங்கேதான் வெளிப்படும்.

எந்த ஆட்டத்தைப் பார்ப்பது? அவன் ஜெயித்த பெரிய ஆட்டத்தை அல்ல. அவன் அடி வாங்கிய ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியைப் பாருங்கள். உடம்பு களைத்த பிறகு கால் பழக்கம் நிலைக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

கோபிசெட்டிபாளையம் வாசகி: மேல இருக்கற இடத்தை வாங்கறதுக்கு இத்தனை டிராஃப்ட் இடங்களைக் குடுக்கறாங்களே, அதுக்கு ஏதாவது விலைப்பட்டியல் இருக்குதுங்களா?

இருக்கிறது. 1991 வாக்கில் டல்லாஸ் அணியில் ஜிம்மி ஜான்சன் காலத்தில் உருவான பட்டியலைத்தான் இன்றும் அடிப்படையாகப் பேசுகிறார்கள். முதல் இடம் 3000 புள்ளி, 5-வது 1700, 10-வது 1300, 32-வது 590. மஹோம்ஸை எடுக்க 10-வது இடத்தை வாங்குவதற்குக் கன்சாஸ் சிட்டி கொடுத்தது 27-வது இடம், 91-வது இடம், அடுத்த வருஷத்தின் முதல் சுற்று இடம். முதல் இரண்டும் 680-ம் 136-ம் சேர்ந்து 816. மீதி 484-க்கு அடுத்த வருஷ இடம் ஈடு. நியாயமான வியாபாரம்.

தப்பான வியாபாரத்துக்கு உதாரணம் 1999-ல் நியூ ஆர்லியன்ஸ். ரிக்கி வில்லியம்ஸ் என்ற ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்) ஒருவருக்காக அந்த வருஷத்து இடங்கள் அத்தனையும், அடுத்த வருஷத்தின் முதல் சுற்றும் மூன்றாம் சுற்றும் போயின. அவர் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் அவருக்கு முன்னால் வழி திறக்க லைன் ஆட்களை எதைக் கொண்டு எடுப்பது?

கோவை வாசகர்: எங்களுக்குப் பிடிச்ச டீமு கோச்சை நீக்கிருச்சுங்க. ஆஃபென்ஸ் பக்கத்து ஆளைக் கொண்டுவரணும்னு ஒரு கட்சி, டிஃபென்ஸ் ஆளைன்னு ஒரு கட்சி, கல்லூரிக் கோச்சைன்னு ஒரு கட்சி. நீங்க எந்தக் கட்சிங்க?

இளம் குவார்ட்டர்பேக் இருந்தால் ஆஃபென்ஸ் கட்சி. காரணம் எளிது. டிஃபென்ஸ் பக்கத்து ஆள் ஹெட் கோச்சாக வந்தால், தாக்குதலை நடத்த ஒரு ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டரை வைப்பார். அந்தக் கோஆர்டினேட்டர் நன்றாகச் செய்தால் ஒன்றிரண்டு வருஷத்தில் வேறு அணி அவரை ஹெட் கோச்சாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். புதியவர் வருவார். ஆட்டங்களின் பெயர், கால் வைக்கும் எண்ணிக்கை, ரிசீவர்களைப் பார்க்கும் வரிசை எல்லாம் மாறும். பையன் மறுபடி ஒன்றாம் வகுப்பு. ஹெட் கோச்சே ஆட்டத்தைச் சொல்பவராக இருந்தால், அவர் இருக்கும்வரை பாடம் மாறாது.

ஆனால் இது கல்லில் பொறித்த விதி அல்ல. 2007-ல் பிட்ஸ்பர்க் எடுத்த மைக் டாம்லின் டிஃபென்ஸ் ஆள், வயது 34. இரண்டாவது சீசனிலேயே கோப்பை வந்தது. பால்டிமோர் 2008-ல் எடுத்த ஜான் ஹார்பா, பந்தை உதைக்கும் ஸ்பெஷல் டீமில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர். 2012 சீசனில் கோப்பை வென்றார். ஸ்பெஷல் டீம் கோச்சுக்கு ஒரு பலம் உண்டு: இரண்டு பக்கத்து ஆட்களோடும் தினமும் பேச வேண்டிய வேலை அது.

கல்லூரிக் கோச் என்றால் கொஞ்சம் பொறுங்கள். கல்லூரியில் பெரிய பெயர் உள்ள கோச், தனக்கு வேண்டிய பையன்களைத் தானே வீடு வீடாகப் போய்ப் பேசிச் சேர்க்கிறார். வாராவாரம் எதிரணியைவிடத் திறமையான ஆட்களோடு களம் இறங்குகிறார். என்.எஃப்.எல்.லில் சம்பள உச்சவரம்பும் டிராஃப்டும் எல்லோரையும் சமமாக்கிவிடுகின்றன. அங்கே இருப்பவர்கள் பையன்களும் அல்ல, குடும்பஸ்தர்கள், அதட்டினால் கேட்க மாட்டார்கள். கல்லூரியில் கொடிகட்டிப் பறந்த நிக் சேபன் மியாமியில் இரண்டு வருஷத்தில் 15 வெற்றி, 17 தோல்வி. அர்பன் மேயர் 2021-ல் ஜாக்சன்வில்லில் 13 ஆட்டங்களில் 2 வெற்றியோடு நீக்கப்பட்டார்.

ஒரு முறை நீக்கப்பட்டவரை எடுத்த எடுப்பில் தள்ளிவிடாதீர்கள். பில் பெலிசெக் கிளீவ்லேண்டில் 36 வெற்றி, 44 தோல்வி. பிறகு நியூ இங்கிலாந்தில் 6 கோப்பை. அப்படிப்பட்டவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: 'போன முறை செய்ததில் எதை மாற்றப் போகிறீர்கள்?' எதிலும் தன் தப்பு இல்லை என்பவருக்கு வணக்கம் சொல்லி அனுப்பிவிடலாம்.

நேர்காணல் அறையில் எங்கள் கண் போவது இரண்டு இடத்துக்கு. ஒன்று, யாரைத் துணைக்கு அழைத்து வருகிறார் என்ற பட்டியல். கோஆர்டினேட்டர் போய்விட்டால் அடுத்தவர் யார் என்று கேட்டால் உடனே பெயர் வர வேண்டும். லைன் கோச்சின் பெயரைச் சொல்லத் தயங்கினால் கவலைப்படுங்கள், நல்ல லைன் கோச் கிடைப்பது குதிரைக்கொம்பு. இரண்டாவது, கடிகாரம். '3 புள்ளி பின்னால் இருக்கிறோம், நான்காவது டவுன், 2 கஜம் தேவை, நடுக்களம், 2 நிமிஷம் 10 விநாடி பாக்கி, ஒரே டைம்அவுட். என்ன செய்வீர்கள்?' எதிராளியின் டைம்அவுட் எத்தனை என்று அவர் திருப்பிக் கேட்டாரா? 2 நிமிஷ எச்சரிக்கையில் கடிகாரம் எப்படியும் நிற்கும் என்பதைக் கணக்கில் சேர்த்தாரா? இதைச் சரியாகச் சொல்கிறவர் வருஷத்துக்கு ஒன்றிரண்டு ஆட்டமாவது கூடுதலாக ஜெயித்துத் தருவார்.

உடுமலை வாசகர்: நம்ம கபடிப் பசங்க இதுக்குப் போக முடியுமுங்களா?

உடம்பு வாகு இருந்தால் வழி இருக்கிறது. வெளிநாட்டு ஆட்களுக்கென்று 2017-ல் என்.எஃப்.எல். ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியது. அதன் வழியாக வந்த ஆஸ்திரேலியர் ஜோர்டன் மைலாட்டா ரக்பி ஆடியவர். அதற்கு முன் இந்த ஆட்டத்தை ஒரு முறைகூட ஆடாதவர். 2018-ல் பிலடெல்ஃபியா அவரை 233-வது ஆளாக எடுத்தது. இன்று கோப்பை வென்ற லெஃப்ட் டேக்கிள்.

நம் பையன்களுக்கு அதைவிடப் பொருத்தமானது 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்திருக்கும் ஃபிளாக் ஃபுட்பால். பக்கத்துக்கு 5 பேர். ஆளை வீழ்த்தக் கூடாது, இடுப்பில் தொங்கும் கொடியைப் பிடுங்கினால் போதும். ரெய்டரின் கையை நம்பாமல் இடுப்பைப் பார்த்தே நகரும் கபடிக்காரனுக்கு முக்கால்வாசி வித்தை கைவசம் இருக்கிறது. ஆளைக் கட்டிப் பிடிக்கும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும்.

கரூர் வாசகர்: நம்ம நேரத்துக்கு எப்பங்க பாக்கறது?

ஏப்ரல் கடைசி வாரம். முதல் சுற்று வெள்ளிக்கிழமை காலை 5.30 மணி. இரண்டாம், மூன்றாம் சுற்றுகள் சனிக்கிழமை விடியற்காலை 4.30. மீதி நான்கு சுற்றுகள் அன்றைக்கு ராத்திரி 9.30. நேரம் ஒத்துவருவது கடைசி நாள்தான், பலர் அதைத்தான் பார்க்காமல் விடுகிறார்கள். 2022-ல் கடைசி ஆளாக, 262-வதாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி அடுத்த வருஷமே சான் ஃபிரான்சிஸ்கோவைச் சூப்பர் பவுலுக்குக் கூட்டிப்போனார். அந்த ராத்திரி ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, லைன் ஆட்களை எந்த அணி எடுக்கிறது, அந்த அணியின் லைன் கோச் யார் என்று எழுதி வையுங்கள்.