வீடு மாறுகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

நாகர்கோவில் வடிவீஸ்வரத்திலிருந்து பார்வதிபுரத்துக்கு வீடு மாறுகிறோம். இரண்டு படுக்கையறை வீடு, போகும் இடம் இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. பக்கத்தில்தானே என்று குட்டி யானை ஒன்றே போதும் என்கிறார்கள். எத்தனை நடை ஆகும், எத்தனை ஆள் வேண்டும்?
(வாசகி, வடிவீஸ்வரம்)

ஊருக்குள் மாறும்போது டீசல் பெரிய செலவில்லை. ஏற்றி இறக்கும் நேரமும் வண்டி நிற்கும் நேரமும்தான் பணத்தைத் தின்னும். குட்டி யானையின் தட்டு சுமார் ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். ஒரு பீரோ, ஒரு ஃப்ரிட்ஜ், கட்டில் சட்டங்கள், மெத்தை வைத்தால் கீழே இடமே இருக்காது. இரண்டு படுக்கையறை வீட்டுக்குச் சாதாரணமாக மூன்று நடை, பொருள் அதிகமென்றால் நான்கு. தெருவுக்குள் வருமென்றால் ஒன்பது, பத்தடித் தட்டுள்ள பிக்கப் பேசுங்கள். இரண்டு நடையில் முடியும். வடிவீஸ்வரத்தின் சில தெருக்களில் பெரிய வண்டி திரும்பாது. முந்தின நாளே டிரைவரை அழைத்து வந்து தெருவைக் காட்டிவிடுவது நல்லது.

இரண்டாம் மாடிக்கு நான்கு சுமட்டுக்காரர்கள் வேண்டும். கூலி பேசும்போது "மாடி ஏற்றுவதும் சேர்த்து" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டதால்தான் வாசலில் பாதிச் சண்டை வருகிறது.

டேப்பை எடுத்துக்கொண்டு முதலில் புது வீட்டுப் படிக்கட்டுக்குப் போங்கள். சாதாரண ஸ்டீல் பீரோ ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூடுதலான ஆழம். படி மூன்றடி அகலமிருந்தாலும் திருப்பத்தில் மேல்தளமோ கைப்பிடியோ இடிக்கும். திரும்பாது என்று தெரிந்தால் பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்ற வேண்டியிருக்கும். ஆனால் நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் பால்கனிக்கும் கிரில் அடித்திருப்பார்கள். அப்படியென்றால் அந்த பீரோவை உறவுக்காரர் வீட்டில் விடுவதா, விற்பதா என்பதை வண்டி வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது கட்டில். அயனியிலோ பலாவிலோ ஆசாரி செய்த பழைய கட்டிலின் நான்கு காலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு சட்டத்தின் முனையும் அதனதன் துளைக்கென்று செதுக்கப்பட்டது. இடம் மாற்றி அடித்து ஏற்றினால் கால் பிளந்துவிடும். கழற்றும் முன் ஒவ்வொரு மூட்டிலும், காலில் ஒன்று சட்டத்தில் ஒன்று என்று ஒரே எண்ணைச் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். மழைக்காலத்தில் மரம் ஊதி மூட்டு இறுகியிருக்கும். அப்போது சுத்தியலால் நேரே அடிக்காமல், ஒரு மரக்கட்டையை வைத்து அதன்மேல் தட்டுங்கள். போல்ட், நட்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு அந்தக் கட்டிலின் காலிலேயே கட்டிவிடுங்கள். பொதுவான 'நட்டு டப்பா' வேண்டாம்.

சாமான் கட்ட மருந்துக்கடை, பலசரக்குக் கடை அட்டைப்பெட்டிகளே போதும். ஒரு பெட்டி பதினைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, துணிக்குப் பெரிய பெட்டி அல்லது பெட்ஷீட் மூட்டை. பீங்கான் தட்டுகளைப் படுக்க அடுக்காமல் பேப்பர் சுற்றி நெட்டுக்குத்தலாக நிறுத்துங்கள். குலுக்கலில் அடித்தட்டு உடைவது அப்போதுதான் குறையும். வீட்டில் ஓலைக் கடவம் கிடந்தால் பாத்திரத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதைப் பெட்டியின் மேலே எழுதாமல் பக்கவாட்டில் எழுதுங்கள். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியபின் மேலே எழுதியது யார் கண்ணுக்கும் தெரியாது.

வண்டியில் பீரோவும் ஃப்ரிட்ஜும் டிரைவர் கேபினை ஒட்டி நிற்க வேண்டும். கண்ணாடி வைத்த பீரோ என்றால் கண்ணாடிப் பக்கம் கேபினைப் பார்த்து, நடுவில் மெத்தை. கயிறு உராயும் இடத்தில் பழைய சாக்கு கொடுங்கள். மெத்தையை எல்லாவற்றுக்கும் மேலே விரித்துக் கட்டாதீர்கள். காற்றடித்தால் பாய்மரம் மாதிரி தூக்கும். அடுப்பு, குக்கர், அரிசி, மாற்றுத்துணி, மருந்து இவற்றைக் கடைசி நடையில் பின்பக்கமாக ஏற்றினால் இறங்கும்போது முதலில் கைக்கு வரும்.

காலை ஆறரைக்கே ஏற்றத் தொடங்குங்கள். பள்ளி வேன்கள் ஓடும் எட்டு முதல் ஒன்பதரைக்குள் வண்டி வழியில் மாட்டினால் ஒரு நடை வீணாகும்.

ஃப்ரிட்ஜைப் படுக்க வைத்துக் கொண்டுபோகலாமா? முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினும் இன்வெர்ட்டர் பேட்டரியும் இருக்கின்றன.
(வாசகர், ஆசாரிபள்ளம்)

ஃப்ரிட்ஜை நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். படுக்க வைத்தால் கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெய் மெல்லிய குழாய்களுக்குள் ஓடிவிடும். உடனே ஸ்விட்ச் போட்டால் எண்ணெய் இல்லாமல் ஓடிக் கம்ப்ரசர் பழுதாகும். நிமிர்த்தியே வந்திருந்தால் மூன்று நான்கு மணி நேரம் கழித்துப் போடுங்கள். வேறு வழியில்லாமல் படுக்க வைத்திருந்தால் ஒரு முழு நாள் நிற்கட்டும். முந்தின இரவே அணைத்துக் கதவைத் திறந்து வையுங்கள். பின்னால் கீழே இருக்கும் தண்ணீர்த் தட்டைக் காலி செய்யவில்லையென்றால் அந்தத் தண்ணீர் சுமப்பவர் சட்டையில்தான் விழும்.

வாஷிங் மெஷின் புதிதாக வந்தபோது பின்பக்கத்திலிருந்து கழற்றிய நீளமான போல்ட்கள் இருக்குமே, அவற்றைத் தேடி எடுங்கள். டிரம் ஸ்பிரிங்கில் தொங்குவது; போல்ட் இல்லாமல் ஏற்றினால் குலுக்கலில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அடிவாங்கும். தொலைந்திருந்தால் அந்தக் கம்பெனி சர்வீஸில் கேளுங்கள். புது வீட்டில் அவற்றைக் கழற்றாமல் ஓடவிட்டால் மெஷின் அறை முழுக்க நடக்கும்.

டியூபுலர் பேட்டரி ஐம்பது, அறுபது கிலோ கனம். இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பிறகு கறுப்பு வயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். வயர் மாறினால் இன்வெர்ட்டர் போர்டு போய்விடும், ஆகவே கழற்றும் முன் ஒரு ஃபோட்டோ எடுத்து வையுங்கள். சாய்த்தால் ஆசிட் மூடி வழியாகக் கசியும்; அப்படிச் சிந்திய இடத்தில் ஆப்பச்சோடாவைத் தூவி நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். துணி மூட்டைக்குப் பக்கத்தில் பேட்டரியை வைக்கவே வேண்டாம்.

எந்த மாதம் மாறுவது நல்லது? ஆடியில் கூடாது என்கிறார்கள்.
(வாசகி, வெட்டூர்ணிமடம்)

ஆடியும் மார்கழியும் உங்கள் நம்பிக்கையைப் பொறுத்தது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் தார்ப்பாய் இல்லாத வண்டியைப் பேசாதீர்கள். தை முதல் பங்குனி வரை ஓரளவு நிம்மதி. கோடையில் மழை பெய்தாலும் பெரும்பாலும் மதியத்துக்குமேல்தான், காலையில் முடித்துவிடலாம். ஆவணி ஞாயிறுகளில் நாகராஜா கோவில் சுற்றுவட்டாரத்திலும், டிசம்பர் 3-ஐ ஒட்டிய நாட்களில் கோட்டாறு சவேரியார் கோவில் பக்கத்திலும் வண்டி நகராது. நாள் பார்த்து மாறுகிறவர்கள் நல்ல நேரத்தில் பால் மட்டும் காய்ச்சிவிட்டு, சாமானை இரண்டு நாள் கழித்து ஏற்றலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பழைய வீட்டுக்காரர் வெள்ளையடிக்கச் செலவு என்று அட்வான்ஸில் பிடிக்கிறார். புது வீட்டிலோ முந்தைய குடித்தனக்காரரின் கரண்ட் பில் பாக்கியும் நம் தலையில் விழும்போல் இருக்கிறது.
(வாசகர், கிருஷ்ணன்கோவில்)

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறாக இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்குமேல் போகக் கூடாது. வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும், ஒப்பந்தத்தில் வேறாக எழுதாதவரை, வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி போன்றவை உங்கள் கணக்கு. அவற்றைச் சரிசெய்து, காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுத்த பிறகு சாவியைக் கொடுங்கள். பேச்சு அப்போதுதான் சுருக்கமாக முடியும்.

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் நடுவில் குடிபோகிறவருக்கு ஒரு சிக்கல் உண்டு. முந்தைய குடித்தனக்காரர் ஓட்டியதும் நீங்கள் ஓட்டியதும் ஒரே பில்லில் சேரும். தொடக்க யூனிட்டுகளுக்குச் சலுகை உண்டு, ஆனால் மொத்த யூனிட் கூடக் கூட விலையும் ஏறும், ஒரு வரம்பைத் தாண்டினால் அந்தச் சலுகையிலும் ஒரு பகுதி கைவிட்டுப் போகும். ஆகவே யூனிட்டைப் பாதியாகப் பிரித்து, பில்லையும் பாதியாகப் பிரிப்பது சரியான கணக்காகாது. சாவி வாங்கும் அன்றே மீட்டரில் ஓடியிருக்கும் யூனிட் எண் தெரிய ஃபோட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். அந்த எண் வரைக்கும் தனியாக ஒரு பில் போட்டால் எவ்வளவு வரும் என்று பார்த்து, அந்தத் தொகையை முந்தையவரிடமிருந்து வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

கேஸ் இணைப்பை மாற்ற சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை?
(வாசகி, கோணம்)

அதே ஏஜென்சியின் எல்லைக்குள் என்றால் முகவரிச் சான்று கொடுத்து விலாசத்தை மாற்றினால் போதும். ஊருக்குள்ளேயே அதே கம்பெனியின் வேறு ஏஜென்சி என்றாலும் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைக்க வேண்டியதில்லை. பழைய இடத்தில் மாற்றல் சீட்டு வாங்கிப் புதிய ஏஜென்சியில் கொடுக்க வேண்டும். சிலிண்டரை மூடி மாட்டி, நிமிர்த்தி, திறந்த வண்டியில் ஏற்றுங்கள். காரின் டிக்கியில் வேண்டாம். ரப்பர் டியூபில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். ஐந்து வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். புது வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் ரெகுலேட்டரிலும் டியூப் மூட்டுகளிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் கேஸ் கசிகிறது; வாஷரோ டியூபோ சரியில்லை.

முதலில் ஆதாரில் விலாசத்தை மாற்றுங்கள், மற்றவை அதை வைத்தே நடக்கும். ரேஷன் கார்டில் விலாசம் மாறினால் கடையும் மாறும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. அதே தொகுதிக்குள் மாறினாலும் வேறு தொகுதிக்குப் போனாலும் அந்த ஒரே படிவம்தான்.